லிவ் என்னும் பெயர்: காவலா, வாழ்வா?

நார்வே, சுவீடன், டென்மார்க் நாடுகளில் பெண்களுக்கு வைக்கப்படும் ‘லிவ்’ என்ற பெயருக்கு (‘லீவ்’ என்று நீட்டியே அங்கு ஒலிப்பார்கள்) ‘வாழ்வு’ என்று மட்டும் பொருள் எழுதிவிடுவது பாதி உண்மைதான். இன்றைய நார்வே மொழியில் அச்சொல் வாழ்வையே குறிக்கிறது. ஆனால் பெயரின் வேரைத் தேடினால் இந்நாடுகளின் மொழிகளுக்கு மூலமான பழைய நோர்ஸ் மொழியின் இரு சொற்கள் போட்டிக்கு வருகின்றன. காப்பு, காவல் எனப் பொருள்படும் ‘ஹ்லீஃப்’ ஒன்று. வாழ்வைக் குறிக்கும் ‘லீஃப்’ மற்றொன்று.

வாழ்வின் பக்கம் நிற்பது அழகான புராணச் சான்று. பழைய நோர்ஸ் புராணப் பாடல்களின் தொகுப்பான எட்டாவில் உள்ள ‘வாஃப்த்ரூத்னிஸ்மால்’ என்ற கவிதையின் 45ஆம் பாடலில், உலகம் குளிரில் அழியும்போது லீஃப், லீஃப்த்ராசிர் என்ற இருவர் ஹோத்மீமிரின் காட்டுக்குள் ஒளிந்து, காலைப் பனித்துளியை உண்டு உயிர்பிழைக்கிறார்கள். பிற்கால மனிதகுலம் அவர்களிடமிருந்தே தோன்றுகிறது. எனினும், இது கருத்துக்கு உருவம் கொடுக்கக் கவிஞர் சூட்டிய பெயராகவே எனக்குப் படுகிறது. ஊரில் வழங்கிய பெயருக்கு இதை மட்டும் சான்றாகக் கொள்ள இயலாது.

காவலின் பக்கம் அந்தக் குறை இல்லை. ஐஸ்லாந்தில் முதலில் குடியேறியோரைப் பற்றிச் சொல்லும் ‘லாண்ட்னாமாபோக்’ நூலில் ஹ்லீஃப் என்ற பெயருடைய பெண் இடம்பெறுகிறாள். கேடயத்தையும் குறித்த இச்சொல் ஐஸ்லாந்தில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அங்கே குடைக்குப் பெயர் ‘ரெக்ன்ஹ்லீஃப்’, அதாவது மழைக்காப்பு. நார்வேயிலும் சுவீடனிலும் டென்மார்க்கிலும் ‘ல’கரத்துக்கு முன்னிருந்த ‘ஹ்’ ஒலி தேய்ந்து மறைந்ததால், காவலும் வாழ்வும் ஒரே வடிவத்தில் வந்து சேர்ந்தன.

ஆகவே வேர் என்று கேட்டால் ‘ஹ்லீஃப்’ என்பதற்கே என் வாக்கு. பொருள் என்று கேட்டால் விடை மாறும். நடிகை லிவ் உல்மன் பிறந்த 1938ஆம் ஆண்டில் நார்வேப் பெற்றோர் ஒருவர் இப்பெயரைச் சூட்டியிருந்தால், அவர் காதில் விழுந்திருப்பது தினமும் பேசும் ‘வாழ்வு’ என்ற சொல்லே அன்றிப் பழைய கேடயம் அன்று. ஆங்கிலம் பேசும் நாடுகளில் ஒலிவியாவைச் சுருக்கி ‘லிவ்’ என்று அழைப்பது இந்த இரண்டோடும் தொடர்பில்லாத வேறு வழக்கு. ‘ஹ்’ ஒலி மறையாத ஐஸ்லாந்தில் மட்டும் ஹ்லீஃப், லீஃப் இரண்டும் இன்றும் தனித்தனிப் பெண் பெயர்களாகவே வழங்குகின்றன.