விசிறி ஓடாத மடிக்கணினியைத் திருத்தக் கொடுக்கும் முன் இதை வாசியுங்கள்

மடிக்கணினியின் விசிறி ஓடவில்லை என்று கடைக்குக் கொண்டுபோகிறவர்களிடம் பாகங்களையெல்லாம் இணைக்கும் தாய்ப்பலகையான ‘மதர்போர்ட்’ பழுது என்று சொல்லிப் பணம் பறிக்கும் வேலை எங்கள் வன்னிப் பக்கத்தில் நடக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் என் அக்காவின் மகள் இப்படி ஏமாற்றப்பட்டாள். முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது அதன் வழியில் போகட்டும் என்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஏமாற்றிய விதத்தை மட்டும் ஒன்றும் விடாமல் எழுதுகிறேன். அதே கதையை நாளைக்கு உங்கள் பிள்ளையிடமும் சொல்வார்கள்.

அக்கா விசுவமடுவில் இருக்கிறார். சீட்டுக் காசில் வாங்கிக் கொடுத்த கணினி அது. சோளகம் வீசும் காலத்தில் கிறவல் வீதியோரத்து வீடுகளின் நிலை வன்னியில் இருப்பவர்களுக்குத் தெரியும். கதவைச் சாத்தி வைத்தாலும் மேசை சிவந்துவிடும். அந்தப் புழுதி விசிறியின் இதழ்களிலும், சூட்டை வெளியே தள்ளும் மெல்லிய உலோகத் தகடுகளின் இடுக்குகளிலும் போய் அடைகிறது. முதலில் கரகரவென்று சத்தம் வந்தது. பிறகு சத்தமே நின்றது. வரைபட மென்பொருளைத் திறந்தால் சிறிது நேரத்தில் கணினி தானாக அணைந்தது.

ஏ-9 வீதியோரக் கடை ஒன்றில் கொடுத்தாள். விசிறி மாற்ற 6,500 ரூபாய் என்றார்கள். மறுநாள் தொலைபேசியில் வேறு கதை வந்தது. “தங்கச்சி, விசிறியில் பிழை இல்லை. விசிறிக்கு மின்சாரம் கொடுக்கிற ஐசி மதர்போர்ட்டில் எரிந்திருக்கிறது. இப்படியே விட்டால் முழுவதும் கருகிவிடும். கொழும்புக்கு அனுப்பினால் மாதக்கணக்கில் ஆகும். 32,000 ரூபாய் தந்தால் நானே செய்து தருகிறேன்.” ஐசி என்பது மதர்போர்ட்டில் இருக்கும் சிறு மின்னணுப் பாகம். பரீட்சை நெருங்கியிருந்தது. அக்கா பணத்தைக் கட்டினார்.

அந்த ‘கருகிவிடும்’ என்ற சொல்தான் அவர்களின் ஆயுதம். கணினியின் மூளையான செயலி (ப்ராசசர்) தன் சூட்டைத் தானே அளந்துகொண்டிருக்கும். பெரும்பாலான இன்டெல் செயலிகளில் 100 பாகை செல்சியஸ் அளவில் எல்லை வைத்திருக்கிறார்கள். அதை நெருங்கும்போது செயலி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கணினியே அணைந்துவிடும். பிள்ளையின் கணினி அணைந்ததும் இந்தப் பாதுகாப்பினால்தான். சூட்டோடு நெடுநாள் பாவிப்பது மின்கலத்துக்கும் மற்றப் பாகங்களுக்கும் கேடு என்பது உண்மை. ஆனால் விசிறி நின்ற கணினியை அணைத்து வைத்துவிட்டு, இன்னொருவரிடம் கேட்டு வர உங்களுக்குத் தாராளமாக நேரம் இருக்கிறது. யாராவது அவசரப்படுத்தினால் அந்த அவசரம் அவருடையது.

திரும்பி வந்த கணினியில், திறந்த நொடியிலிருந்து விசிறி முழு வேகத்தில் இரைந்தது. சும்மா இருந்தாலும் அதே இரைச்சல். தொடங்கும்போதெல்லாம் விசிறி வேலை செய்யவில்லை என்ற எச்சரிக்கை திரையில் வந்தது. கடைக்காரரிடம் கேட்டால் “புது ஐசி அல்லவா, பழக நாளாகும்” என்றாராம். ஒரு கிழமைக்குள் விசிறி மறுபடியும் நின்றுவிட்டது. அதன் பிறகுதான் விஷயம் எனக்கு வந்தது.

வவுனியாவில் பல வருடங்களாகத் திருத்த வேலை செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனோம். எங்கள் கண்முன்னே திறந்து, ஒவ்வொன்றாகக் காட்டினார். இந்த வகை விசிறிக்கு நான்கு கம்பிகள் வரும். இரண்டு, 5 வோல்ட் மின்சாரத்துக்கு. மூன்றாவது, தான் சுழலும் வேகத்தைக் கணினிக்குச் சொல்வதற்கு. நான்காவது, எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்ற கட்டளையைக் கணினியிடமிருந்து வாங்குவதற்கு. அந்தக் கடைக்காரர் மின்சாரக் கம்பிகள் இரண்டையும் வெட்டி, யூஎஸ்பி துளைக்குப் போகும் 5 வோல்ட் இணைப்பில் நேரடியாக ஈயம் வைத்து ஒட்டியிருந்தார். மற்ற இரண்டையும் அப்படியே நறுக்கி விட்டிருந்தார். கட்டளை போகாததால் விசிறி எப்போதும் முழு வேகத்தில் ஓடியது. வேகக் கணக்கு வராததால், விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓடவில்லை என்று கணினி முறையிட்டது.

விசிறியும் பழையதுதான். இதழ்களில் எங்கள் ஊர்ச் செம்புழுதி அப்படியே இருந்தது. விரலால் தள்ளினால் அச்சு இறுகி, ஒரு சுற்றுக்கூட முழுதாகப் போகவில்லை. நேரே முழு மின்சாரம் கிடைத்த பலத்தில் சில நாட்கள் சுழன்றிருக்கிறது, அவ்வளவுதான். விசிறி செருகும் இடத்தில், மின்சாரத்தை அளக்கும் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். 5 வோல்ட் சரியாக வந்தது. மதர்போர்ட்டில் எந்த ஐசியும் எரியவில்லை, எதுவும் மாற்றப்பட்ட தடயமும் இல்லை. செயலியின் மேல் பூசும் வெப்பப் பசை காய்ந்த சுண்ணாம்புபோல உதிர்ந்தது. அதைக்கூடத் தொட்டிருக்கவில்லை.

இன்னும் ஒன்று. கணினி வாங்கியபோது தந்த பற்றுச்சீட்டில் 8 ஜிபி ராம் என்று இருக்கிறது, 4 ஜிபி வீதம் இரண்டு. உள்ளே ஒன்றுதான் இருந்தது. மற்ற இடம் வெறுமை. ஒரு மாணவியின் கணினியிலிருந்து பாதி நினைவகத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அவளிடமே 32,000 ரூபாயும் வாங்கியிருக்கிறார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் தணியவில்லை. வவுனியாவில் புது விசிறி, பசை, வெட்டிய கம்பியைச் சரிசெய்தது எல்லாம் சேர்த்து 7,000 ரூபாய்க்குள் முடிந்தது.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை இருக்கின்றன. விசிறி ஓடாததெல்லாம் பழுதல்ல. சூடு குறைவாக இருக்கும்போது விசிறியை நிறுத்தி வைக்கும்படியே பல மடிக்கணினிகளைச் செய்திருக்கிறார்கள். கனமான வேலை கொடுத்து, காற்று வெளியேறும் துளையில் கையை வைத்துப் பாருங்கள். அப்போதும் காற்று வராமல் அடிப்பக்கம் கொதித்தால்தான் சந்தேகப்பட வேண்டும். கணினியை முழுவதும் அணைத்து, சார்ஜரையும் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். விசிறியைக் கட்டுப்படுத்தும் சிறு ஐசி குழம்பியிருந்தால் சில வேளை இதிலேயே தெளிந்துவிடும்.

அடுத்தது, கணினியோடு வரும் சோதனை. டெல் கணினிகளில் தொடங்கும்போது எஃப்12, எச்.பி. கணினிகளில் எஃப்2 அழுத்தினால் விண்டோஸ் திறக்கும் முன்பே பாகங்களைப் பரிசோதிக்கலாம். எச்.பி. கணினியில் 90பி என்ற எண்ணோடு செய்தி வந்தால் அது விசிறியைப் பற்றியது. சோதனையில் விசிறி நன்றாகச் சுழன்றால் பெரும்பாலும் விசிறி நல்லது, சிக்கல் மென்பொருளில் அல்லது அமைப்புகளில் இருக்கலாம்.

ரயர் கடைக் கொம்பிரசரில் காற்றடிக்கக் கொண்டுபோகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அந்தக் காற்றில் ஈரம் இருக்கும். அழுத்தமும் அதிகம், விசிறி அளவுக்கு மீறிச் சுழன்று அச்சே போய்விடும். அச்சில் தேங்காய் எண்ணெய் விடுவதும் கூடாது. அது பிசுபிசுத்துப் புழுதியை இன்னும் சேர்க்கும்.

கொடுக்கத்தான் வேண்டுமென்றால், முதலில் நினைவகம், வன்தட்டு அளவுகள் தெரியும் திரையையும், அடியில் இருக்கும் தொடர் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் வைத்துத் திறக்கச் சொல்லுங்கள். விசிறி மாற்றுவது நீண்ட வேலையல்ல, காத்திருந்தே வாங்கலாம். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். மதர்போர்ட் பழுது என்றால், விசிறி செருகும் இடத்தில் மின்சாரம் வருகிறதா என்று மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கடையில் பிள்ளையிடம் கடவுச்சொல்லையும் வாங்கி வைத்திருந்தார்கள். விசிறி மாற்றக் கடவுச்சொல் எதற்கு? மேலே சொன்ன சோதனை விண்டோஸுக்கு வெளியே நடப்பது. கேட்டால் கொடுக்காதீர்கள். வற்புறுத்தினால் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். படங்களும் பாடக் குறிப்புகளும் உள்ள கணினி பூட்டியே இருக்கட்டும்.

நாங்கள் போய்க் கேட்டபோது ராம் முதலே ஒன்றுதான் இருந்தது என்று கடைக்காரர் சாதித்தார். அவர் தந்த துண்டில் ‘திருத்தக் கட்டணம்’ என்று மட்டும்தான் எழுதியிருந்தது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்கும் வாடிக்கையாளருக்குப் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும். என்ன பாகம் மாற்றினார்கள், எவ்வளவு என்று அதில் எழுதச் சொல்லி வாங்குங்கள். அந்த அதிகாரசபைக்கு முறையிட 1977 என்ற எண்ணை அழைக்கலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், சேவை பெற்ற மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். நாங்கள் துண்டு, வெட்டிய கம்பியின் படங்கள், வாங்கியபோது தந்த பற்றுச்சீட்டு ஆகியவற்றை இணைத்துக் கொடுத்திருக்கிறோம்.

இதே பகுதியில் இப்படிப் பணம் கொடுத்தவர்கள் இன்னும் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். மூன்று மாதம் தாண்டாதவர்கள் கணினியைத் திறந்து பார்க்க வையுங்கள், படம் எடுங்கள், எழுதிக் கொடுங்கள். ஒரே கடையைப் பற்றிப் பல முறைப்பாடுகள் போனால் தட்டிக்கழிப்பது அவர்களுக்குக் கடினம். கடிதம் எழுதத் தெரியாதவர்கள் கேளுங்கள், நான் எழுதித் தருகிறேன்.