பாஸ்கெட்பால் ஜிஎம்: பட்டம் வெல்லும் அணியைக் கட்டிப் பழக ஓர் இலவசக் களம்

வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் அணி ஒன்று பட்டத்துக்குப் போட்டி போடும் நிலைக்கு எப்படி வருகிறது என்பது ஆட்டத்தை மட்டும் பார்த்தால் விளங்காது. ஜூன் கடைசியில் டிராஃப்ட் (புதுமுக வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது), ஜூலையில் ஃப்ரீ ஏஜென்சி (ஒப்பந்தம் முடிந்தவர்கள் விரும்பிய அணியோடு சேர்வது), பிப்ரவரியில் டிரேடுக்கான, அதாவது அணிகள் வீரர்களைப் பரிமாறிக்கொள்வதற்கான கெடு என்று ஆண்டு முழுக்க ஓடும் ஒரு கணக்கு அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்தக் கணக்கை நாமே போட்டுப் பழகுவதற்குக் கிடைப்பவற்றில் முதலிடத்தை பாஸ்கெட்பால் ஜிஎம்முக்குத்தான் தருவேன். ஜெரமி ஷெஃப் உருவாக்கிய விளையாட்டு இது. பிரவுசரிலேயே ஓடும், இலவசம். விளம்பரம் தொந்தரவாக இருந்தால் மாதம் 5 டாலர் சந்தா கட்டி அதை நீக்கலாம். ஆனால் கட்டியவருக்கு ஆட்டத்தில் எந்தச் சலுகையும் கிடையாது. காசு கொடுத்தால் நல்ல வீரர் கைக்கு வரும் மொபைல் விளையாட்டுகள் மலிந்த காலத்தில் இது பெரிய விஷயம்.

பந்தைத் தொடும் வேலை இங்கே இல்லை. நீங்கள் ஜெனரல் மேனேஜர். ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று காலத்தை நகர்த்துவீர்கள், ஆட்டங்களின் முடிவு அட்டவணையாக வரும். கற்பனை வீரர்களோடும் ஆடலாம், 1947 தொடங்கி எந்த சீசனை வேண்டுமானாலும் எடுத்து நிஜ வீரர்களோடும் ஆடலாம்.

ஒவ்வொரு வீரருக்கும் உயரம், வேகம், மூன்று புள்ளி வீச்சு, ரீபவுண்ட் என 15 திறன்கள். அவற்றைத் திரட்டி இரண்டு எண்கள்: இன்றைய மதிப்பைச் சொல்லும் ஓவரால், வளர்ந்தால் எதுவரை போவார் என்று ஊகிக்கும் பொட்டன்ஷியல். மற்ற விளையாட்டுகளில் 80, 90 என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே வரும் எண்கள் குறைவாகத் தோன்றும். 50-ஐ ஒட்டியவரே களத்தில் நேரம் கிடைக்கும் வீரர். 70-ஐத் தாண்டியவர் சீசனின் சிறந்த வீரருக்கான எம்விபி விருதுக்குப் போட்டியிடுபவர்.

இந்த விளையாட்டின் உயிர் அணியின் மதிப்பைக் கணக்கிடும் முறையில் இருக்கிறது. முதல் பத்து வீரர்களை ஓவரால் வரிசையில் அடுக்கி, மேலே இருப்பவருக்கு அதிக எடையும் கீழே போகப் போகக் குறைந்த எடையும் தருகிறது. உங்கள் முதல் வீரர் ஐந்து புள்ளி உயர்ந்தால் அணி எழுந்து நிற்கும். ஒன்பதாவது வீரர் ஐந்து புள்ளி உயர்ந்தால் யாருக்கும் தெரியாது. ஐந்து பேர் மட்டுமே களத்தில் நிற்கும் ஆட்டத்தில் நிஜமும் அப்படித்தான். 2014 டிராஃப்டில் 41-ஆவது ஆளாக நிகோலா யோகிச்சை எடுத்த டென்வர் அவரைச் சுற்றியே அணியைக் கட்டி 2023-இல் பட்டம் வென்றது. ஆகவே புதிதாகத் தொடங்குபவர் முதலில் விட வேண்டிய பழக்கம், நடுத்தர வீரர்களைச் சேர்த்து எட்டுப் பேர் கொண்ட 'ஆழமான' அணி கட்டுவது. அந்த அணி ஆண்டுதோறும் 45 ஆட்டம் ஜெயிக்கும், முதல் சுற்றில் வெளியேறும், நல்ல டிராஃப்ட் பிக்கும் (தேர்வு செய்யும் முறை; தோற்ற அணிகளுக்கே முன்னுரிமை) கிடைக்காது. இரண்டைக் கொடுத்து ஒன்றை வாங்குங்கள், அந்த ஒன்று உங்கள் முதல் வீரரோ இரண்டாம் வீரரோ ஆவதாக இருந்தால்.

கணினி அணிகள் அதை எளிதில் விட்டுக்கொடுக்காது. நட்சத்திர வீரரின் மதிப்பை அது மிக உயர்வாகவே வைத்திருக்கிறது. டிரேட் பக்கத்தில் 'இந்தப் பேரம் படிய இன்னும் என்ன வேண்டும்?' என்று கேட்கும் பொத்தானைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். எதிரணி உங்களிடம் எதை விரும்புகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். எதிரணி மறுகட்டமைப்பில் இருக்கிறதா, பட்டத்தைக் குறிவைக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மறுகட்டமைப்பில் இருக்கும் அணி டிராஃப்ட் பிக்குக்கு அதிக மதிப்பும், 29-ஐத் தாண்டிய வீரருக்குக் குறைந்த மதிப்பும் தரும். எனவே வயது ஏறிய நல்ல வீரரைப் பட்டத்தைக் குறிவைக்கும் அணியிடம் விற்க வேண்டும், அவரைப் போன்றவர்களை மறுகட்டமைப்பில் இருக்கும் அணியிடம் வாங்க வேண்டும். வீரர்களின் எண்கள் ஏறி இறங்குவது ஆண்டுக்கு ஒரே முறை, பட்டத்துக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளான பிளேஆஃப் முடிந்து டிராஃப்டுக்கு முன். 31 வயது வீரரை விற்பதாக இருந்தால் அந்த நாளுக்கு முன்னால் வரும் டிரேடு கெடுவுக்குள் விற்றுவிட வேண்டும். மறுநாள் அவர் 66-இலிருந்து 61-க்கு இறங்கியிருந்தால் கேட்க ஆள் இருக்காது.

அடுத்து ஒப்பந்தம். ஐந்து ஆண்டு வரை போடலாம். 25 வயதுக்காரருக்கு நீண்ட ஒப்பந்தம் வரம், 31 வயதுக்காரருக்கு அதே ஒப்பந்தம் கழுத்தில் கட்டிய கல். விடுவித்தால் தீர்ந்தது என்று நினைத்தால், மீதிச் சம்பளம் காலம் முடியும்வரை உங்கள் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கும் வரம்புக் கணக்கிலேயே நிற்கும். இது கற்பனைக் கண்டிப்பு இல்லை. பிராட்லி பீலை 2025 ஜூலையில் விடுவித்த பீனிக்ஸ், மீதித் தொகையை ஐந்து ஆண்டுக்கு நீட்டிப் பிரித்ததால், ஆண்டுக்கு ஏறக்குறைய 1.94 கோடி டாலர் 2029-30 வரை அவர்கள் கணக்கில் இருக்கிறது. அப்படி நீட்டிப் பிரிக்கும் வசதிகூட விளையாட்டில் கிடையாது.

அடிமாட்டு விலைக்கு நல்ல வீரர் கிடைப்பது டிராஃப்ட் ஒப்பந்தத்தில்தான். முதல் சுற்றில் எடுத்தவர் நிஜத்தில் நான்கு ஆண்டு வரை, விளையாட்டில் மூன்று ஆண்டு நிர்ணயித்த குறைந்த சம்பளத்தில் ஆடுவார். அந்த ஆண்டுகளுக்குள் வெல்ல வேண்டும். ஓக்லஹோமா சிட்டி செய்தது இதைத்தான். 2019-இல் பால் ஜார்ஜை கிளிப்பர்ஸுக்கு அனுப்பி ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர், டானிலோ கல்லினாரி, ஐந்து முதல் சுற்று பிக்குகள், பிக்குகளை மாற்றிக்கொள்ளும் இரண்டு உரிமைகள் எல்லாம் வாங்கினார்கள். அதில் ஒரு பிக் 2022-இல் 12-ஆவது இடமாக வந்து ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. அதே டிராஃப்டில் இரண்டாவது இடத்தில் செட் ஹோம்கிரன். இருவரும் புதுமுகச் சம்பளத்தில் இருந்ததால்தான் 2024 கோடையில் ஐசையா ஹார்டன்ஸ்டைனுக்கு மூன்று ஆண்டுக்கு 8.7 கோடி டாலர் கொடுக்கக் கை நீண்டது. 2025-இல் பட்டம். அந்தக் கோடையிலேயே கில்ஜஸ்-அலெக்சாண்டர், வில்லியம்ஸ், ஹோம்கிரன் மூவருக்கும் பெரிய ஒப்பந்த நீட்டிப்பு. மலிவுக் காலம் முடிவுக்கு வந்தது. விளையாட்டில் இதே சுழற்சியை ஒரு மாலையில் கடந்துவிடலாம். மூன்று இளம் வீரர்களின் ஒப்பந்தம் ஒரே ஆண்டில் முடியும்படி விட்டுவிட்டு, மூவரும் ஒன்றாகக் கை நீட்டும்போது திகைப்பதுதான் பலரும் விழும் குழி. ஒருவரை ஓராண்டு முன்பே விற்றுப் புது பிக்குகளாக மாற்றிவிடுவது நல்லது.

மறு ஒப்பந்தத்துக்கு வீரரின் மனநிலையும் சேரும். பணம், புகழ், வெற்றி, விசுவாசம் என நான்கில் எதற்கு மயங்குவார் என்பது வீரருக்கு வீரர் மாறும். வெற்றியை விரும்பும் வீரரைத் தோற்கும் அணியில் வைத்துக்கொண்டு கடைசி நாளில் பேசினால் வேலைக்காகாது. புதுமுக ஒப்பந்தம் முடிபவருக்குத் தன் அணி மேல் கூடுதல் சாய்வு உண்டு, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நிதிப் பக்கத்தில் ஸ்கவுட்டிங் செலவைக் குறைத்துப் பயிற்சிக்கும் வசதிகளுக்கும் திருப்புவது பெரும்பாலும் லாபம். ஸ்கவுட்டிங் செய்வதெல்லாம் டிராஃப்ட் வீரர்களின் எண்ணில் இருக்கும் மங்கலைக் கொஞ்சம் குறைப்பதே. பயிற்சியோ மொத்த அணியின் வளர்ச்சியையும் தொடுகிறது. வசதிகளின் பலன் மெல்லத்தான் தெரியும், ஓராண்டில் எதிர்பார்க்காதீர்கள்.

இனி குறைகள். முதலாவதும் முக்கியமானதும் சம்பள விதிகள். விளையாட்டில் இயல்பாக வருவது மென்மையான வரம்பு: தாண்டிய பிறகும் சொந்த வீரர்களை மீண்டும் ஒப்பந்தம் செய்யலாம், குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஆள் எடுக்கலாம், டிரேடில் அனுப்பும் சம்பளத்தைவிட அதிகமாக வாங்கக் கூடாது. நிஜத்தில் அந்த டிரேடு கண்டிப்பு, வரம்புக்கு மேலே இருக்கும் முதல் ஏப்ரன் என்ற கோட்டைத் தாண்டிய அணிகளுக்குத்தான், அதற்குக் கீழே இருப்பவர்கள் ஓரளவு கூடுதலாக வாங்கலாம். ஆக, வரம்பை லேசாகத் தாண்டிய அணியை விளையாட்டு அளவுக்கு மீறிக் கட்டிப்போடுகிறது, மிகையாகத் தாண்டிய அணியைச் சுதந்திரமாக விட்டுவிடுகிறது. அதிகச் சம்பளத்துக்கான லக்சரி வரி மட்டும் உண்டு, அதற்கென உள்ள கோட்டுக்கு மேல் ஒரு டாலருக்கு ஒன்றரை டாலர். நிஜத்தில் தூரம் கூடக் கூட விகிதமும் கூடும், தொடர்ந்து கட்டுபவருக்கு இன்னும் கடுமை.

லீக்கும் வீரர் சங்கமும் 2023-இல் செய்த ஒப்பந்தம் கொண்டுவந்த, இன்னும் மேலே இருக்கும் இரண்டாம் ஏப்ரன் விளையாட்டில் இல்லாதது பெரிய இழப்பு, ஏனென்றால் இன்று பெரிய அணிகளைக் கலைப்பது அதுதான். 2025-26-க்குச் சம்பள வரம்பு 15.46 கோடி டாலர், இரண்டாம் ஏப்ரன் 20.78 கோடி. அதைத் தாண்டினால் இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது, டிரேடில் பணம் அனுப்ப முடியாது, ஏழு ஆண்டு தள்ளியிருக்கும் முதல் சுற்று பிக் முடங்கும். பாஸ்டன் 2023-இல் மால்கம் பிராக்டன், ராபர்ட் வில்லியம்ஸ் இருவரையும் இரண்டு முதல் சுற்று பிக்குகளையும் கொடுத்து போர்ட்லாண்டிடமிருந்து ஜ்ரூ ஹாலிடேயை வாங்கியது, 2024-இல் பட்டம். இரண்டாம் ஏப்ரனுக்கு மேல் நிற்கும் அணி அதே டிரேடை இன்று செய்யவே முடியாது. 2025 கோடையில் செலவைக் குறைக்க ஹாலிடேயைப் போர்ட்லாண்டுக்கே திருப்பி அனுப்பினார்கள், அணியின் இன்னொரு வீரர் போர்சிங்கிஸ் அட்லாண்டா போனார். பாஸ்கெட்பால் ஜிஎம்மில் அந்த அணியை வைத்துக்கொண்டு வரியை மட்டும் கட்டியபடி ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம். உரிமையாளரின் முகம் சுளிக்கும், நஷ்டம் நீண்டால் வேலையும் போகும், ஆனால் கோப்பைகள் குவிந்தால் அவர் நிறையப் பொறுத்துக்கொள்வார்.

வரம்பைத் தாண்டியும் சொந்த வீரரை வைத்துக்கொள்ள அணிக்குக் கிடைக்கும் பேர்ட் உரிமையிலும் அதே கதை. டென்வர் 2023 பட்டத்துக்குப் பிறகு புரூஸ் பிரவுனை இழந்தது மனமில்லாமல் இல்லை. முழு உரிமைக்கு மூன்று சீசன் வேண்டும், அவர் அங்கே ஓராண்டுதான் ஆடியிருந்தார். முந்தைய சம்பளத்தின் 120 சதவீதத்துக்கு மேல் கொடுக்க அவர்களுக்கு வழியில்லை. இந்தியானா இரண்டு ஆண்டுக்கு 4.5 கோடி டாலர் கொடுத்து அள்ளிக்கொண்டு போனது. விளையாட்டில் உங்கள் அணியில் ஒரு நாள் இருந்தவரையும் வரம்பைத் தாண்டிக் கேட்டதைக் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். டிரேடு கெடு முடியும் தறுவாயில், அந்த சீசனோடு ஒப்பந்தம் முடியப்போகும் நட்சத்திரத்தை வாங்குவது அதனால் இங்கே அளவுக்கு மீறி லாபகரமான தந்திரமாகிவிடுகிறது. பிக்குகளுக்குப் பாதுகாப்பு நிபந்தனை (பிக் மிக முன்னிடத்தில் விழுந்தால் கொடுக்க வேண்டாம் என்பது போன்றது) போட வழியில்லாததும் பேரங்களைத் தட்டையாக்குகிறது.

வீரர்கள் ஒருவரோடொருவர் பொருந்துவதற்கு ஓரளவே இடம் உண்டு. மூன்று புள்ளி வீசுபவர், பந்தைக் கையாள்பவர், வளையம் காப்பவர் என்ற திறன் குறிகள் கலந்திருந்தால் சிறு ஊக்கம் கிடைக்கும். ஆனால் 2025 இரண்டாம் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் ஆறடி ஐந்தங்குல அலெக்ஸ் கருசோ யோகிச்சை மறித்து நின்றதை ஓவரால் எண் சொல்லாது. ஜாஷ் கிடியைக் கொடுத்து அவரை நேருக்கு நேர் வாங்கிய டிரேடு வெறும் எண்ணை வைத்துப் பார்த்தால் நஷ்டமாகத் தெரியும். பட்டம் வென்ற அணிக்கோ அவர் இன்றியமையாதவர்.

இத்தனைக்கும் பிறகு இதைப் பரிந்துரைக்கத் தயக்கமே இல்லை. முகப்பு முழுக்க ஆங்கிலம், கைபேசியில் அட்டவணைகளைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றில் மட்டும் கவனம்: உங்கள் லீக் முழுவதும் பிரவுசரின் சேமிப்பிலேயே இருக்கிறது. பிரவுசர் தரவை அழித்தால் முப்பது சீசன் உழைப்பும் போய்விடும். சில சீசனுக்கு ஒரு முறை எக்ஸ்போர்ட் செய்து அந்த ஃபைலை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிஜத்துக்கு நெருக்கமாக ஆட விரும்புபவர்கள் கடின நிலையைத் தேர்ந்தெடுக்கலாம். நிஜ வீரர்கள் லீக்கில் வரலாற்றை எவ்வளவு பின்பற்ற வேண்டும் என்ற அளவைப் பூஜ்ஜியத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் யார் வளர்வார் என்று முன்பே தெரிந்துவிடும். பிறகு ஒரு தாளில் விளையாட்டின் சம்பள வரம்பை 1.34-ஆல் பெருக்கி எழுதிக்கொள்ளுங்கள், அது உங்கள் இரண்டாம் ஏப்ரன். அதற்கு மேல் இருக்கும் நாட்களில் டிரேடில் ஒரு வீரருக்கு ஒரு வீரர் மட்டும், கைவசம் இருப்பவற்றில் மிகத் தள்ளியிருக்கும் ஆண்டின் முதல் சுற்று பிக்கைத் தொடக் கூடாது. வரம்பைத் தாண்டி மறு ஒப்பந்தம் போடுவதாக இருந்தால் மூன்று சீசன் ஒப்பந்தத்தை அணி மாறாமலோ டிரேடில் வந்தோ முடித்தவருக்கு மட்டும் முழுச் சம்பளம். இந்த மூன்று விதிகளோடு ஆடினால், இரண்டாவது பட்டத்துக்குப் பிந்தைய கோடையிலேயே யாரை விடுவது என்ற கேள்வி வந்து நிற்கும்.