எடிசன்: திறந்திருக்கவே கூடாத பரிசோதனைச் சேவை

விரல் நுனியில் எடுத்த சில துளி ரத்தம் போதும், நூற்றுக்கணக்கான பரிசோதனைகள் செய்துவிடலாம் என்ற வாக்குறுதியோடு 2013-இல் அமெரிக்காவின் வால்கிரீன்ஸ் மருந்துக் கடைகளுக்குள் வந்தது தெரனோஸ் நிறுவனம். அதன் பெருமைக்குரிய கருவி எடிசன். மூடிபோட்ட பெட்டி, உள்ளே ரத்தத்தையும் வேதிப்பொருளையும் உறிஞ்சி மாற்றும் ரோபோ கை. ஆன்டிபாடி வைத்து ஹார்மோன், புரதம் அளக்கும் இம்யூனோஅஸே வகை மட்டும்தான் அதற்கு வரும். நோயாளிகளுக்காக அதில் ஓடியவை சுமார் ஒரு டஜன் சோதனைகளே.

மீதிக்கு என்ன செய்தார்கள்? சீமன்ஸ் நிறுவனத்தின் அட்வியா 1800 போன்ற, சந்தையில் கிடைக்கும் பரிசோதனை இயந்திரங்களைக் குறைந்த ரத்தத்துக்கு ஏற்றபடி மாற்றி, மாதிரியை நீர்த்துப்போகச் செய்து ஓட்டினார்கள். இங்கேதான் அளவு கெடுகிறது. நீர்க்க நீர்க்கப் பொருளின் செறிவு இயந்திரம் நம்பகமாக அளக்கும் வரம்புக்குக் கீழே போகும். சின்னப் பிழையும் பெருக்கிக் காட்டப்படும். விரலை அழுத்திப் பிழிந்தால் சிவப்பணுக்கள் உடைந்து பொட்டாசியம் கசியும். நல்ல உடம்புக்காரருக்கும் பொட்டாசியம் ஏறியதாக அறிக்கை வரும். அதை நம்பும் மருத்துவர் அவரை அவசர சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

கருவி அரைகுறையாக இருந்ததை நான் குற்றமாக எழுதவில்லை. புதிய கருவிகள் அப்படித்தான் தொடங்கும். அரைகுறைச் செயலியை வெளியிட்டுப் பிறகு சரிசெய்யலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவரின் ரத்த உறைவுச் சோதனையில் அதைச் செய்ய முடியாது, அடுத்த மாத்திரையின் அளவே அந்த எண்ணை வைத்துத்தான் முடிவாகிறது. கடை திறக்கும் தேதியைத் தள்ளிப்போடாமல், ரகசியமாக வேறு இயந்திரத்துக்கு மாறியதுதான் நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் எடுத்த தவறான முடிவு. அதை முதலீட்டாளர்களிடம் மறைத்தது மோசடி. 2022 ஜனவரியில் நீதிமன்ற நடுவர் குழுவும் அப்படித்தான் சொன்னது.

செய்திருக்க வேண்டிய வேலை ஒன்றும் புதிதல்ல. ஒரே ஆளின் கை ரத்தக்குழாயிலும் விரலிலும் ஒரே நேரத்தில் ரத்தம் எடுத்து, பல நாட்கள், பல பேரிடம், இரண்டு முடிவுகளையும் ஒப்பிட வேண்டும். வேறுபாடு அனுமதித்த எல்லையைத் தாண்டினால் அந்தச் சோதனையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். வெளியிலிருந்து வரும் தரச் சோதனை மாதிரியை, நோயாளியின் ரத்தத்தை ஓட்டும் அதே முறையில் ஓட்ட வேண்டும். இந்தக் கடைசி விதி மீறப்படுகிறது என்று 2014-லேயே ஓர் ஊழியர் நியூயார்க் மாநில அதிகாரிகளிடம் புகார் செய்தார். நிறுவனத்துக்குள்ளும் எச்சரிக்கைகள் எழுந்தன. அப்போதே சேவையை நிறுத்தியிருக்கலாம். 2014, 2015 ஆண்டுகளின் எடிசன் முடிவுகள் அத்தனையையும் நிறுவனம் ரத்து செய்தது 2016-இல்தான். அதற்குள் அந்த எண்களை நம்பிப் பலர் சிகிச்சை முடிவுகள் எடுத்துவிட்டார்கள்.