காம் தீவில் ஆறு இரவு: பப்புவாவில் ஒரு மூன்று குடில் ஹோம்ஸ்டே

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகலாம், கட்டாயம் போகலாம். ஆனால் ரிசார்ட் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இந்தோனேசியாவின் பப்புவாவை ஒட்டிய ராஜா அம்பத் தீவுக் கூட்டத்தில் காம் என்று ஒரு தீவு. அங்கே ஒரு மீனவக் குடும்பம் தங்கள் வீட்டை ஒட்டிக் கடலுக்குள் கால் ஊன்றி மூன்று குடில் கட்டி, வருகிறவர்களுக்கு மூன்று வேளையும் சாப்பாடு போட்டு நடத்துகிற இடம் இது. நானும் மனைவியும் ஆறு இரவு தங்கினோம். இடத்தின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. மூன்றே குடில், ஒரே படகு, சமைக்க ஒரே ஒரு அம்மா. ஒரே மாதத்தில் எல்லோரும் கிளம்பிப் போனால் அவர்களால் தாங்க முடியாது. அந்தக் கரை நெடுக இதே மாதிரி குடும்பங்கள் நிறைய இருக்கின்றன, நான் சொல்வதில் முக்கால்வாசி அவற்றுக்கும் பொருந்தும்.

போகும் வழி இப்படி. ஜகார்த்தாவிலிருந்து பப்புவாவின் துறைமுக நகரமான சொரோங் வரை விமானம், நான்கு மணி நேரம். சொரோங்கிலிருந்து ராஜா அம்பத்தின் தலைநகரான வைசாய்க்குப் பயணிகள் கப்பல், இரண்டு மணி நேரம். வைசாய் துறையில் வீட்டுக்காரரே தன் படகோடு வந்து நின்றார், அதில் முக்கால் மணி நேரம். படகுக் கூலி 5 லட்சம் ரூபியா (இந்தோனேசியப் பணம்). அது ஆளுக்கு இல்லை, மொத்தப் படகுக்கும் சேர்த்து. அதிகம் என்று எனக்கும் முதலில் தோன்றியது, ஆனால் அவர் போகவர ஊற்றிய பெட்ரோலைக் கண்ணால் பார்த்த பிறகு பேரம் பேச வாய் வரவில்லை. எங்களை எரிச்சல்படுத்தியது சொரோங் துறையில் நின்ற ஒரு தரகர்தான். கப்பலில் டிக்கெட் தீர்ந்துவிட்டது, தனி ஸ்பீடு போட்டில்தான் போக முடியும் என்று சாதித்தார். கவுண்டரில் போய்க் கேட்டால் பாதிக் கப்பல் காலி. துறையில் யார் என்ன சொன்னாலும் சரி, நேரே கவுண்டருக்குப் போய்விடுங்கள்.

அப்புறம் கடல் பூங்காவுக்கான அனுமதிக் கட்டணம். நாங்கள் ஆளுக்கு 10 லட்சம் ரூபியா கட்டினோம். அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

இனி இடம். கிராமத்தில் நாற்பது வீடு இருந்தால் அதிகம். ஒரு தேவாலயம், ஒரு ஆரம்பப் பள்ளி, மருந்து கொடுக்கிற ஒரு சின்ன அறை, வீட்டுத் திண்ணையிலேயே நடக்கிற ஒரு பெட்டிக்கடை, அவ்வளவுதான். கடையில் மேகி மாதிரி நூடுல்ஸ், சர்க்கரை, சோப்பு, பேட்டரி, சிகரெட், பாக்கு கிடைக்கும். ஹோம்ஸ்டே கிராமத்தைத் தாண்டி, நடந்தால் பத்து நிமிடம் தள்ளி இருக்கிறது. குடிலின் கூரை சாகுப் பனை ஓலை, தரை மூங்கில் பட்டை, மெத்தை தரையிலேயே போட்டிருந்தது, கொசுவலை கிழியாமல் இருந்தது. மலேரியா உள்ள பகுதி என்பதால் நான் முதலில் தடவிப் பார்த்ததே கொசுவலையைத்தான். ஜெனரேட்டர் மாலை ஆறு மணிக்கு ஓடத் தொடங்கும், நள்ளிரவில் நிற்கும். அது நின்ற நொடியில் குடிலுக்குக் கீழே அலை தூணில் மோதுகிற சத்தம் தெளிவாகக் கேட்கத் தொடங்கும். ஆறு இரவும் அந்த நேரத்துக்காக விழித்துக் கிடந்தேன்.

பொதுக் குளியலறை சற்றுத் தள்ளி, தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றிக் குளிக்க வேண்டும். தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். இரவில் கழிப்பறைக்குப் போக டார்ச் வேண்டும். இது குறை என்று தோன்றுகிறவர்கள் இந்த ஹோம்ஸ்டேக்கு வர வேண்டாம், இருவருக்குமே சங்கடம்.

சமையல் செய்கிற அம்மாவை எல்லோரும் "மாமா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். பப்புவாவில் மாமா என்றால் அம்மா. எனக்கு அந்த வார்த்தை வாயில் படிய இரண்டு நாள் ஆனது. ஜகார்த்தாவில் மூன்று வருடமாக வேலை பார்ப்பதால் இந்தோனேசிய மொழி ஓரளவு வரும். அதனால்தான் அவரோடு அடுப்படியில் உட்கார்ந்து இவ்வளவு பேச முடிந்தது. தினமும் சோறு, மீன், ஏதாவது ஒரு கீரை. மீன் அன்று காலையில் பிடித்தது, சில நாள் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிடித்தது. என் மனைவி மீன் சாப்பிட மாட்டாள். அவளுக்கு முட்டை, தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), மரவள்ளி இலை வதக்கல், பப்பாளிப் பூப் பொரியல் என்று மாற்றி மாற்றிச் செய்து கொடுத்தார். முன்கூட்டியே சொல்லிவிட்டால் சைவம் சாப்பிடுகிறவர்களும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனால் காய்கறி வைசாயிலிருந்து படகில் வர வேண்டும். ஐந்தாம் நாள் காய் தீர்ந்து முட்டையும் சோறும் மட்டும் என்று ஆனது.

மூன்றாம் நாள் பாபெடா செய்தார்கள். சாகு மாவில் கொதிநீர் ஊற்றிக் கிண்டினால் கண்ணாடி மாதிரி ஒரு பசைக் கூழ் வரும். அதை இரண்டு குச்சியால் சுருட்டிச் சுருட்டி எடுத்துத் தட்டில் போட்டு, மஞ்சள் போட்ட புளிப்பான மீன் குழம்பை ஊற்றி, மெல்லாமல் அப்படியே வழுக்கி விழுங்க வேண்டும். நம் ஊரில் ஜவ்வரிசியை மரவள்ளிக் கிழங்கில் செய்கிறோம். இங்கே அதற்கு மூலமான மரமே கரையோரச் சதுப்பில் நிற்கிறது. அந்த மாவு எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும் என்றதும் மறுநாள் படகில் ஒரு ஓடைக்குள் கூட்டிப்போனார்கள், அதற்குத் தனிக் காசு கேட்கவில்லை. மரம் பூ விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் வெட்ட வேண்டும், பூத்துவிட்டால் மாவெல்லாம் பூவுக்குப் போய்விடுமாம். வெட்டிச் சாய்த்த மரத்தை நீளவாக்கில் பிளந்து, உள்ளே இருக்கிற வெள்ளைச் சதையை வாச்சி மாதிரி ஒரு கருவியால் கொத்திக் கொத்தித் தூளாக்குகிறார்கள். அதே மரத்தின் மட்டையைத் தொட்டியாகச் சாய்த்து வைத்து, தூளை அதில் போட்டு, தண்ணீர் ஊற்றிப் பிசைந்து பிழிந்தால், பால் மாதிரித் தண்ணீர் வழிந்து கீழே வேறொரு மட்டையில் தேங்குகிறது. கொஞ்ச நேரத்தில் அடியில் மாவு படிந்துவிடும். மாமா அடியில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஈரமாக, கனமாக, லேசான இளஞ்சிவப்பில், புளித்த மண் வாசனையோடு இருந்தது. ஒரு நல்ல மரம் 150 கிலோவுக்கு மேல் மாவு கொடுக்கும், ஒரு குடும்பத்துக்கு மாதக்கணக்கில் வரும். கொரோனா காலத்தில் ஒரு விருந்தாளி கூட வராதபோது இதுவும் மீனும்தான் எங்களைக் காப்பாற்றியது என்று அவர் சொன்னது இந்தக் கிராமத்தைப் பற்றி நான் கேட்டதிலேயே முக்கியமான செய்தி என்று நினைக்கிறேன்.

பாக்கு பற்றி ஒரு வார்த்தை. இங்கே எல்லோரும் பாக்கு போடுகிறார்கள், ஆனால் வெற்றிலை இல்லாமல். வெற்றிலைக் கொடியின் நீளக் காயைச் சுண்ணாம்பில் தொட்டுக் கடித்து, பச்சைப் பாக்கோடு சேர்த்து மெல்வார்கள். எனக்கும் கொடுத்தார்கள், காரம் மூக்கில் ஏறியது. வாங்கி மென்றதைப் பார்த்த பிறகு அக்கம்பக்கத்தார் எங்களிடம் பேசுகிற விதமே மாறியது.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கடல்தான். பக்கத்தில் கேப் கிரி என்ற ஓரிடத்தில் 2012-இல் ஜெர்ரி ஆலன் என்ற மீனியல் அறிஞர் ஒரே முக்குளிப்பில் 374 வகை மீன்களை எண்ணியிருக்கிறார். நாங்கள் டைவிங் தெரியாதவர்கள், முகமூடி மாட்டிக்கொண்டு படகுத்துறையின் கீழேயே மிதந்தோம், அதுவே போதுமாக இருந்தது. இரவில் துறையில் டார்ச் அடித்தால் கலாபியா வரும். அது முழங்கை நீளத்தில் புள்ளி போட்ட ஒரு சின்னச் சுறா, துடுப்பை ஊன்றித் தரையில் நடக்கும். நீர் வற்றிய நேரத்தில் அது பவளத்துக்கு நடுவே பல்லி மாதிரி ஊர்ந்து போனதைக் குனிந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். ராஜா அம்பத்தில் சுறாவும் கொம்புத் திருக்கையும் பிடிக்கக் கூடாது என்று சட்டமே உண்டு. அதற்கு முன்பிருந்தே ஊர்க்காரர்களுக்கு சாசி என்று ஒரு வழக்கம் இருக்கிறது. கடலின் ஒரு பகுதியைத் தேவாலயத்தில் ஜெபித்து மாதக்கணக்கில் மூடிவிடுவார்கள், கடல் அட்டையோ சிங்கி இறாலோ யாரும் தொடக் கூடாது, ஊர் கூடித் திறக்கும் நாளில்தான் எடுக்கலாம். மிசூல் தீவுப் பக்கம் கப்பட்சோல் கிராமத்தில் பெண்கள் குழு ஒன்றே தங்களுக்கென்று ஒரு சாசிப் பகுதியை வைத்து நடத்துகிறது.

இன்னொன்று சிவப்புச் சொர்க்கப் பறவை. காலை நாலரைக்கு எழுந்து, வழுக்குகிற மலைப்பாதையில் முக்கால் மணி நேரம் ஏற வேண்டும். ஆளுக்கு ஒன்றரை லட்சம் ரூபியா, அது மரம் நிற்கிற நிலத்துக்குச் சொந்தமான குலத்துக்குப் போகிறது. விடியும்போது ஆண் பறவைகள் வந்து கிளையில் தலைகீழாகத் தொங்கிச் சிறகை விரித்து ஆடின. 1860-இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் இதே தீவில் நிமிர்ந்து நிற்கக்கூட முடியாத ஒரு குடிசையில் தங்கி இந்தப் பறவையைச் சேகரித்தார். அன்றைக்கு இவர்கள் முன்னோர் கண்ணியில் சிவப்புப் பழத்தைக் கட்டி வைத்து, பறவை வந்து உட்கார்ந்ததும் கயிற்றை இழுத்து உயிரோடு பிடித்துக் கொடுத்தார்கள். எங்களைக் கூட்டிப்போன பெரியவரும் சிறுவயதில் பறவை பிடித்தவர்தானாம். இப்போது அந்த மரத்தடியில் யாராவது இருமினால்கூடக் கையைக் காட்டி அடக்குகிறார்.

சரி, இந்த ஊருக்கு எதிர்காலம் என்ன? ஆறு நாளும் நான் கேட்டது பெரும்பாலும் இதைத்தான், விமர்சனத்தில் இதை எழுதாமல் விட்டால் பாதிதான் எழுதியதாகும். கிராமத்தில் பள்ளி ஆறாம் வகுப்போடு முடிகிறது. மேலே படிக்க வைசாய்க்கோ சொரோங்குக்கோ போய் உறவினர் வீட்டில் தங்க வேண்டும். மாமாவின் மூத்த மகள் அப்படித்தான் சொரோங்கில் நர்ஸிங் படிக்கிறாள். மீன் பிடித்தே இந்தச் செலவையெல்லாம் சமாளிக்க முடியாதா என்று கேட்டேன். ஐஸ் கிடையாதாம். பிடித்த மீனை வைசாய் கொண்டுபோகும் பெட்ரோலுக்கே மீன் விலை சரியாகிவிடும், உப்புக் கண்டம் போட்டால் அடிமாட்டு விலை. நாங்கள் இரவுக்கு ஆளுக்கு 4 லட்சம் ரூபியா கொடுத்தோம், மூன்று வேளைச் சாப்பாடும் சேர்த்து. அந்தப் பணம்தான் அந்தப் பெண்ணின் படிப்புச் செலவு. "படித்து முடித்தால் திரும்பி வருவாளா மாமா?" என்று கேட்டேன். "வந்தா அந்த மருந்து ரூமுக்கு நர்ஸா வரட்டும் பிள்ளை, வரலைன்னா மாசாமாசம் பணம் அனுப்பட்டும்" என்று சொல்லிக்கொண்டே மீன் செதிலைச் சுரண்டினார். அந்த மருந்து அறை நாங்கள் இருந்த ஆறு நாளில் இரண்டு நாள்தான் திறந்திருந்தது.

வேறு வழியும் இந்தத் தீவுகளுக்கு வந்து பார்த்தது, சுரங்கம். ராஜா அம்பத்தில் இருந்த ஐந்து நிக்கல் உரிமங்களில் நான்கை 2025 ஜூனில் அரசு ரத்து செய்தது, காக் தீவில் உள்ளதை மட்டும் விட்டுவைத்தது. வீட்டுக்காரர் சுரங்கத்தில் வேலைக்குப் போன உறவினர்களைத் திட்டவில்லை. மாதச் சம்பளம் என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது என்றார். ஆனால் மலை மண் கடலில் இறங்கினால் பவளம் செத்துவிடும், அப்புறம் என் துறையில் வந்து நிற்க யார் வருவார்கள் என்றும் கேட்டார். ஹோம்ஸ்டே வருமானமும் நிலையானது இல்லை. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை தெற்குக் காற்று அடித்துக் கடல் கொந்தளிக்கும், குடில் காலியாகவே கிடக்கும். அதனால் முடிந்தால் கூட்டம் குவிகிற டிசம்பரை விட்டுவிட்டு அக்டோபரிலோ மார்ச்சிலோ போங்கள், கடலும் நன்றாக இருக்கும், அவர்களுக்கும் உதவும்.

குறைகள் உண்டு. நேரம் என்று ஒன்று கிடையாது, எட்டு மணி என்றால் பத்தாகும், நீர் ஏறினால்தான் படகு நகரும். தினமும் காலையில் கரையில் பிளாஸ்டிக் ஒதுங்குகிறது. எங்கிருந்தோ மிதந்து வருவதை மாமா கூட்டிப் பின்னால் எரிக்கிறார், அந்தப் புகை குடிலுக்குள் வருகிறது. வேறு என்ன செய்வார், குப்பை எடுக்க அங்கே யார் வருகிறார்கள்? நீங்கள் கொண்டுபோகும் பாட்டிலையும் கவரையும் தயவுசெய்து திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை படகு எடுக்க மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். எங்களையும் தேவாலயத்துக்கு அழைத்தார்கள், போனோம். சிறுவர்கள் புல்லாங்குழலும் மேளமும் வாசித்துக்கொண்டு தெருவில் நடந்து வந்தார்கள்.

பணம் முழுவதும் ரொக்கமாகக் கொண்டுபோங்கள், வைசாயைத் தாண்டினால் ஏடிஎம் இல்லை. முன்பதிவுக்கு மெசேஜ் அனுப்பினால் பதில் வர இரண்டு நாள் ஆகலாம், பொறுத்திருங்கள். சிக்னல் கிடைப்பது படகுத்துறையின் நுனியில் மட்டும்தான். அங்கே ஒரு கம்பத்தில் ஆணி அடித்துப் பிளாஸ்டிக் டப்பாவில் போனைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், சாயங்காலம் சின்ன மகன் போய் எடுத்துப் பார்ப்பான்.