பேர்சன் ஒஃப் இன்ரெஸ்ட்: பல வருடம் பார்த்த பிறகு

அமெரிக்காவின் சிபிஎஸ் அலைவரிசையில் 2011 செப்டெம்பரில் தொடங்கி 2016 ஜூனில் முடிந்த தொடர் இது. ஐந்து சீசன், 103 எபிசோட். அது ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே வெள்ளவத்தையில் ஒரு சீடி கடையில் பென் டிரைவில் ஏற்றிவந்து பார்க்கத் தொடங்கினேன். 2022 கரண்ட் வெட்டு நாட்களில் லப்டொப் பட்டரி இருக்கும்வரை மறுபடி பார்த்தேன். இப்போது மருமகன் பார்க்கிறான், நானும் பக்கத்தில் இருந்துவிடுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்கு: 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பிறகு ஃபின்ச் என்ற கணினி மேதை அரசாங்கத்துக்கு ஓர் இயந்திரம் செய்து கொடுக்கிறார். எல்லாக் கமராவும், போனும், மின்னஞ்சலும் அதன் கண்ணுக்குள். பயங்கரவாதம் என்றால் அரசுக்குச் சொல்லும். சாதாரண ஆளின் கொலையில் அரசுக்கு அக்கறையில்லை. அந்த ஆளின் சமூகப் பாதுகாப்பு எண் (அமெரிக்காவில் அடையாள இலக்கம் மாதிரி) மட்டும் ரகசியமாக ஃபின்ச்சுக்கு வரும். கொல்லப்படப் போகிறவரா, கொல்லப் போகிறவரா என்று இயந்திரம் சொல்லாது. முன்னாள் சிஐஏ ஆள் ரீஸ் பின்னாலேயே போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் சீசன் வாரம் ஒரு ஆள் என்று போகும். அடுத்தடுத்துப் பார்த்தால் அலுக்கும். ஆனால் அதில்தான், தேசியப் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர் ஒருவர் கணக்கில் வராத ஒரு திட்டத்தை மோப்பம் பிடித்துவிட்டு உயிருக்கு ஓடும் எபிசோட் இருக்கிறது. 2012 மே மாதம் வந்தது. அதே முகமையின் ரகசியக் கண்காணிப்பை ஸ்னோடன் அம்பலப்படுத்திய விவகாரம் வெடித்தது 2013 ஜூனில். முதலில் பார்த்தபோது சும்மா விறுவிறுப்பாக இருந்தது, இப்போது பார்த்தால் செய்தி மாதிரி இருக்கிறது.

எனக்கு இந்தத் தொடரோடு ஒரு தீராத சண்டை உண்டு. பார்க்கிறவரை எப்போதும் கமராவின் பின்பக்கத்தில் உட்கார வைத்துவிடுகிறது. ஃபின்ச்சின் திரையில் முகங்களைச் சுற்றிப் பெட்டி விழும்போது, ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்று நாங்களும் சந்தோஷப்படுகிறோம். போர்க்காலக் கொழும்பில் இருந்த தமிழருக்கு அந்தப் பக்கம் பழக்கமே இல்லை. யார் யார் வீட்டில் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிய வேண்டும். ஐசியில், அதாவது அடையாள அட்டையில், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தால் செக் பொயின்டில் கேள்வி நீளும். 2007 ஜூனில் லொட்ஜ்களில் இருந்த தமிழர்களை விடியப்புறம் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள், அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. அதற்கு எந்த மெஷினும் தேவைப்படவில்லை, ஒரு படிவமும் பேனையும் போதுமாக இருந்தது. (எங்கள் பழைய ஐசி இலக்கத்திலேயே பிறந்த வருடமும் நாளும் ஆணா பெண்ணா என்பதும் இருக்கிறது. பெண்களுக்கு நாளோடு 500 கூட்டியிருப்பார்கள்.)

அதனால் நாலாம் சீசன்தான் எனக்கு எப்போதும் பிடித்தது. சமாரிட்டன் என்ற இன்னொரு இயந்திரம் வந்து, கதாநாயகர்களே வேறு பெயரில், வேறு வேலையில், ஒன்றுமறியாதவர்கள் போல ரோட்டில் நடக்க வேண்டிய நிலை. பார்க்கப்படுகிறவரின் பயம் அங்கேதான் சரியாக வருகிறது. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்தாகத் தொடர் கடைசிவரை தருவது என்ன? நல்ல மனதுள்ள வேறொரு கண்காணிப்பு இயந்திரம்! அதை என்னால் விழுங்க முடியவில்லை.

மருமகனுக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. "கூகுள் மப்ஸுக்கு எல்லாம் தெரியும்தானே மாமா" என்கிறான். கொழும்பில் 2024 ஜனவரியில் சிசிரிவி பார்த்துப் போக்குவரத்துக் குற்றம் பிடிக்கத் தொடங்கிய பிறகு, சிக்னலில் மட்டும் மோட்டார்சைக்கிளைக் கோட்டுக்குப் பின்னால் ஒழுங்காக நிறுத்துகிறான்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் சீசனில் கொஞ்சம் பொறுமையாக இருங்கள். இரண்டாம் சீசனின் 16ஆம் எபிசோடைத் தவறவிட வேண்டாம். இயந்திரம் அரசுக்குக் கொடுக்கும் எண்களுக்கு என்ன நடக்கிறது என்பதை ஷா என்ற பெண்ணின் பக்கமிருந்து காட்டுவது அது. நடிப்பில் ஃபின்ச்சாக வரும் மைக்கல் எமர்சனுக்குத்தான் என் முதல் மார்க். ரீஸ் அடிக்கிற அடிகள் போகப் போக ஒரே மாதிரி. ஐந்தாம் சீசனுக்கு 13 எபிசோட்தான் கிடைத்தது, அந்த அவசரம் தெரிகிறது. ஆனாலும் பாதியில் வெட்டாமல் முடிக்க விட்டார்களே, அதுவரை சரி.