“போர்ட் ஓப்பன் பண்ணித் தர்றோம்” என்று பணம் கேட்டால், முதலில் இதைப் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கம் உள்ளூர் கேபிள்காரரிடம் ஃபைபர் நெட் வாங்கியிருக்கிறவர்களுக்கு இந்தப் பதிவு. வீட்டிலிருந்தே பெரிய ஃபைல் அனுப்பவோ, தோட்டத்து சிசிடிவியை வெளியூரிலிருந்து பார்க்கவோ ‘ஸ்டேட்டிக் ஐபி’ (மாறாத இணைய முகவரி) வாங்கப் போகிறீர்கள் என்றால், படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

எனக்குக் கல்யாண வீடியோ வேலை. ஒரு கல்யாணத்துக்கு 120 ஜிபி வரை சேரும். எடிட்டிங் பொள்ளாச்சியில் மச்சான் பார்க்கிறார். என் கம்ப்யூட்டரிலிருந்து அவர் நேராக இறக்கிக்கொள்ளட்டும் என்பதுதான் ஏற்பாடு. அப்லோடு 100 எம்பிபிஎஸ் முழுசாகக் கிடைத்தால் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் வெளியிலிருந்து வரும் இணைப்பு உள்ளே நுழைய ஒரு போர்ட், அதாவது எண் போட்ட ஒரு வாசல், திறந்திருக்க வேண்டும். கனெக்‌ஷன் கொடுத்தவரிடம் இதை விவரமாகச் சொல்லித்தான் கேட்டேன். “ஸ்டேட்டிக் ஐபி போட்டுத் தர்றோம்ணா, எந்த போர்ட் வேணும்னாலும் ஓப்பன் ஆகும்” என்று சொல்லி, வருஷத்துக்கு 2,000 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டார்.

ஒரு பையன் வந்தான். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை நம் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிடுவது) பக்கத்தைத் திறந்து நம்பரைப் போட்டு சேவ் கொடுத்தான். “சரியாயிடுச்சுண்ணா” என்று கிளம்பிவிட்டான். பொள்ளாச்சியில் மச்சானுக்கு ‘டைம் அவுட்’ தவிர ஒன்றும் வரவில்லை. போன் செய்தால் முதலில் விண்டோஸ் ஃபயர்வால் என்றார்கள். அப்புறம் ரவுட்டர் பழசு, புதுசு வாங்குங்கள் என்றார்கள். கடைசியில் மச்சான் வீட்டு நெட்தான் கோளாறு என்றார்கள். ஆவணி முகூர்த்தம் நெருக்கடி, பெண் வீட்டார் வீடியோ எங்கே என்று கேட்கிறார்கள், நான் ஹார்ட் டிஸ்கைத் தூக்கிக்கொண்டு பொள்ளாச்சிக்கு பஸ் ஏறினேன்.

விஷயம் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்திலேயே இருந்தது. ‘வேன் ஐபி’ (WAN IP, நெட் கம்பெனி நம் ரவுட்டருக்குக் கொடுக்கும் முகவரி) என்ற வரியில் 100.72 என்று தொடங்கும் ஒரு எண். 100.64 முதல் 100.127 வரை தொடங்குபவை பொது இணைய முகவரிகளே அல்ல. நெட் கம்பெனிகள் தங்கள் நெட்வொர்க்குக்குள் பயன்படுத்த 2012-ல் ஒதுக்கப்பட்டவை. ஐபிவி4 என்ற பழைய வகை இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான், அதுவும் ஆசிய பசிபிக் வட்டாரத்தின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதனால் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகிறார்கள். சிஜிநாட் (CGNAT) என்று சொல்வது இதைத்தான். பல குடித்தனம் இருக்கும் காம்பவுண்டுக்குப் பெயர் எழுதாத தபால் வந்தால் யாரிடம் கொடுப்பது? நம் ரவுட்டரில் என்ன திறந்தாலும் அது நம் வீட்டுக் கதவு மட்டும்தான், காம்பவுண்டு கேட் நெட் கம்பெனியிடம் இருக்கிறது.

சிஜிநாட் வைத்திருப்பதை நான் குறை சொல்லவில்லை. படம் பார்க்க, பணம் அனுப்ப, வீடியோ கால் பேச அது போதும். உள் முகவரி ஒன்றை மாறாமல் வைத்துக் கொடுத்துவிட்டு, அதற்குப் பொது ஐபி என்று காசு வாங்கியதுதான் மோசடி. கேட்டவனுக்கு என்ன தேவை என்று தெரிந்தே வாங்கினார்கள், அதுதான் ஆத்திரம்.

பணம் கொடுக்குமுன் வேன் ஐபியை, ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தில் வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 10, 192.168, 172.16 முதல் 172.31 வரை என்று தொடங்கினாலும் அது உள் முகவரிதான். ஆள் வந்து செட்டிங் போட்டால், அவர் இருக்கும்போதே உங்கள் புரோகிராமை ஓடவிட்டு, வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். புரோகிராம் ஓடாவிட்டால் திறந்த போர்ட்டும் மூடியதாகவே தெரியும். பில்லில் ‘பப்ளிக் ஐபிவி4’ என்று எழுதி வாங்குங்கள்.

மச்சான் வீட்டிலும் சிஜிநாட்தான். அதனால் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் நேராக ஃபைல் மாற்றும் சாதாரண டாரன்ட்டும் எங்களுக்கு உதவவில்லை. அதற்கு ஒரு பக்கமாவது திறந்திருக்க வேண்டும். இப்போது டெயில்ஸ்கேல் (Tailscale) என்ற, தூரத்துக் கம்ப்யூட்டர்களை ஒரே நெட்வொர்க் போல இணைக்கும் புரோகிராமில் அனுப்புகிறோம். இரண்டு பக்கமும் உள்ளிருந்தே வெளியே இணைவதால் போர்ட் திறக்கும் வேலையே இல்லை. நேர் இணைப்பு கிடைத்தால் நல்ல வேகம், கிடைக்காவிட்டால் நடுவில் ஒரு ரிலே (வாங்கி அனுப்பும் சர்வர்) வழியாகப் போகும், அது மெதுவு. (டெயில்ஸ்கேலும் 100-ல் தொடங்கும் எண்தான் கொடுக்கும், அதை வேன் ஐபி என்று குழப்பிக்கொள்ளாதீர்கள்.) ஃபைல்களை இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒன்றுபோல வைக்கும் சிங்க்திங்கும் (Syncthing) இதேபோல் போர்ட் திறக்காமலே வேலை செய்யும், இலவசம்.

என் 2,000 ரூபாய் இன்னும் திரும்பவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். இதே கதை உங்களுக்கும் நடந்திருந்தால் ரசீதையும் வேன் ஐபி ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு நீங்களும் கூப்பிடுங்கள்.