உள் ஈப்ராமா, வெளி ஈப்ராமா?

மைக்ரோசிப் நிறுவனத்தின் ஏடிமெகா328பி தெரியும்தானே, ஆர்டுயினோ ஊனோ என்ற பிரபல மின்னணுப் பலகையின் மூளையான சிப். மின்சாரம் போனாலும் அழியாத நினைவகமான ஈப்ராம் அதற்குள்ளேயே 1 கேபி இருக்கிறது. அதே நிறுவனத்தின் 24எல்சி256 என்ற, வெளியே தனியாக இணைக்கும் எட்டுக்கால் ஈப்ராம் சிப்பில் 32 கேபி.

அளவைவிட ஆயுள்தான் முக்கியம். உள் ஈப்ராமின் ஒரு பைட்டை ஒரு லட்சம் முறை எழுதலாம் என்கிறது தரவுத்தாள். நிமிடத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் எழுதினால் 70 நாளுக்குள் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். வெளிச் சிப்புக்கு இது பத்து லட்சம். கிட்டத்தட்ட இரண்டு வருடம். இடத்தை மாற்றி மாற்றி எழுதினால் இரண்டுமே இன்னும் தாங்கும்.

வேகத்திலும் வெளிச் சிப்தான் முந்துகிறது, எனக்கே முதலில் ஆச்சரியம். 64 பைட்டை ஒரே பக்கமாக, அதாவது மொத்தமாக, 5 மில்லிவினாடிக்குள் எழுதிவிடும். உள்ளே ஒவ்வொரு பைட்டுக்கும் 3 மில்லிவினாடிக்கு மேல்.

ஆனால் வெளிச் சிப்பை இணைக்கும் ஐ2சி என்ற இருகம்பி இணைப்புக்கு ஏடிமெகாவின் இரண்டு கால்கள், அந்தக் கம்பிகளை உயர் மின்னழுத்தத்தில் வைக்கும் புல்-அப் ரெசிஸ்டர்கள், கூடுதல் நிரல் எல்லாம் வேண்டும். நாலைந்து அமைப்பு எண்களைச் சேமிக்க இவ்வளவு எதற்கு? உள் ஈப்ராம் போதும். வெப்பநிலைப் பதிவு போன்ற வேலை என்றால் யோசிக்காமல் 24எல்சி256.